நண்பகலில் கார்களுக்கு விளக்கு எதற்கு?

வாகனத்தின் முன்விளக்கு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஓட்டுநருக்குப் பாதையைக் காட்டுவது ஒன்று. எதிரே வருபவருக்கும் குறுக்கே கடப்பவருக்கும் அந்த வாகனத்தைக் காட்டுவது மற்றொன்று. இரவில் இவ்விரண்டும் ஒரே ஒளியால் நடந்துவிடுவதால், இரண்டாவது வேலையைப் பெரும்பாலோர் தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. பகலில் பாதையைக் காட்ட விளக்கு வேண்டியதில்லை. ஆனால் வாகனத்தைப் பிறர் கண்ணுக்குப் புலப்படுத்தவும் அது வேண்டியதில்லையா என்ற கேள்விக்கு, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களும் அரசுகளும் ஒரே விடையைத் தந்ததில்லை. டி.ஆர்.எல். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பகல்நேர விளக்கு இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் தானாக எரிந்து, ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டதும் தானாக அணைந்தோ மங்கியோ விடும் இந்த வெண்ணிற விளக்கை இன்று சந்தைக்கு வரும் கார்கள் பலவற்றில் காணலாம் என்றாலும், அதை அழகுக்காக வைத்த ஒளிக்கோடு என்று எண்ணுவோரே மிகுதி.

பட்டப்பகலில் ஒரு காரைக் காணாமல் போக முடியுமா என்று தோன்றுவது இயல்பு. விபத்துக்குப் பின் ஓட்டுநர்கள் கூறும் வாக்குமூலங்களில் உலகெங்கும் திரும்பத் திரும்ப வருவது, அந்தப் பக்கம் பார்த்தேன், வண்டி எதுவும் கண்ணில் படவில்லை என்பதே. இது எப்போதும் பொய்யன்று. மனிதக் கண் தன் பார்வைப் பரப்பின் நடுவில் உள்ள மிகச் சிறிய பகுதியை மட்டுமே தெளிவாகக் காண்கிறது. சுற்றியுள்ள எஞ்சிய பரப்பை, விளிம்புப் பார்வை எனப்படும் மங்கலான பார்வையால்தான் அறிகிறது. விளிம்பில் ஏதேனும் ஒன்று பின்னணியிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தால்தான் மூளை கண்ணை அதன்பால் திருப்பும். பொருளுக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான இந்த ஒளி வேறுபாடு குறையும்போது, திறந்த கண்ணுக்கு முன்னே இருக்கும் பொருளும் கவனத்துக்கு எட்டாமல் போகிறது. சாம்பல் நிறக் கார் தார்ச்சாலையின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. புளியமர நிழலிலிருந்து வெளிப்படும் கரிய கார், வெயிலுக்குப் பழகிய கண்ணுக்கு நிழலின் ஒரு துண்டாகவே படுகிறது. தாழ்ந்திருக்கும் சூரியனுக்கு முன்னால் வரும் எந்த வாகனமும், அதன் நிறம் எதுவானாலும், வெறும் நிழலுருவாகிவிடுகிறது. இவ்விடங்களில் முன்பக்கத்தில் எரியும் இரண்டு ஒளிப்புள்ளிகள் வண்டியின் நிறத்தையும் பின்னணியையும் சாராமல் நிற்பதால், கண்ணை இழுக்கும் வேலையை அவை செய்கின்றன.

இருவழிச் சாலையில் ஒரு லாரியை முந்த நினைக்கும் ஓட்டுநரின் நிலையைக் கணக்கிட்டால் இதன் அருமை விளங்கும். முந்துபவரும் எதிரே வருபவரும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், இருவருக்கும் இடையிலான தொலைவு நொடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர் குறைகிறது. முந்தி முடிக்கப் பத்து நொடி தேவைப்பட்டால், எதிர் வாகனத்தை 440 மீட்டருக்கு அப்பாலேயே கண்டுகொள்ள வேண்டும். அத்தொலைவில் ஒரு காரின் அகலம், வானில் தெரியும் முழுநிலவின் அகலத்தில் பாதிக்கும் குறைவாகவே கண்ணுக்குத் தோன்றும். மோட்டார் சைக்கிளோ ஆறில் ஒரு பங்கு அளவே. கானல் அலையாடும் சாலையின் கோடியில் அவ்வளவு சிறிய உருவத்தைக் காண்பது அரிது. அது நிற்கிறதா, வருகிறதா, போகிறதா என்று உறுதி செய்வது அதனினும் அரிது. எரியும் முன்விளக்கோ, வண்டியின் முகம் இப்பக்கம் திரும்பியுள்ளது, அது இயக்கத்தில் உள்ளது என்ற இரண்டு செய்திகளை உடனே தந்துவிடுகிறது. பகல்நேர விளக்கின் பயனில் பெரும்பகுதி நேருக்கு நேர் மோதல்களையும் சந்திப்புகளில் குறுக்கே பாயும் மோதல்களையும் ஒட்டியே எதிர்பார்க்கப்படுவதற்கு இதுவே காரணம். தனியே ஓடி மரத்தில் மோதும் வண்டிக்கு அது எந்த உதவியும் செய்யாது.

பகலில் விளக்கெரித்து ஓட்டும் முயற்சிகள் அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்திலேயே நடந்தன. டெக்சாஸ் மாநிலத்தில் அதற்கெனப் பிரசாரம் செய்யப்பட்டது, கிரேஹவுண்ட் பேருந்து நிறுவனமும் தன் பேருந்துகளில் அதைச் செய்து பார்த்தது. எனினும் அதைச் சட்டமாக்கியவை வட ஐரோப்பிய நாடுகளே. பின்லாந்து 1972இல் குளிர்கால மாதங்களில் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளுக்கு மட்டும் விதியைக் கொண்டுவந்து, 1982இல் அதை ஆண்டு முழுவதற்கும், 1997இல் எல்லாச் சாலைகளுக்கும் விரிவாக்கியது. சுவீடன் 1977 அக்டோபரில் ஒரே வீச்சில் எல்லாச் சாலைகளுக்கும் எல்லாப் பருவங்களுக்கும் கட்டாயமாக்கியது. நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் ஆகியவை 1980களின் பிற்பகுதியிலும் 1990இலும் அவ்வழியே சென்றன. அட்லாண்டிக்குக்கு அப்பால் கனடா, 1989 டிசம்பருக்குப் பின் தயாராகும் புதிய கார்கள் அனைத்திலும் தானாக எரியும் பகல்நேர விளக்கு இருக்க வேண்டும் என்று விதித்தது. இந்நாடுகள் அனைத்தும் வடக்கே நெடுந்தொலைவில் உள்ளவை என்பது தற்செயலன்று. டிசம்பர் மாதத்தின் மிகக் குறுகிய பகல்களில், நண்பகலிலும் ஹெல்சின்கி நகரில் சூரியன் அடிவானத்திலிருந்து ஆறரைப் பாகைக்குமேல் எழுவதில்லை. பகற்பொழுதே ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கே பகல் என்பது நம் ஊரின் மாலை மயக்கத்தை ஒத்தது.

தொடக்கத்தில் இந்நாடுகளில் எரிந்தவை பெரும்பாலும் இரவில் பயன்படும் முகப்பு விளக்குகளே. நம் ஓட்டுநர்கள் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்கதிரைப் பகலிலும் எரிய விடுவதில் சில குறைகள் உண்டு. தாழ்கதிர் சாலையை நோக்கிக் கீழே சாய்க்கப்பட்டிருப்பதால் எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு அதன் ஒளியில் சிறு பகுதியே செல்கிறது; ஒவ்வொன்றும் 55 வாட் மின்சாரம் கேட்கும் ஹாலஜன் பல்புகளோடு பின்விளக்குகளும் பலகை விளக்குகளும் சேர்ந்து எரிவதால் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது. ஆகவே பகலுக்கென்றே தனி விளக்கு வடிவமைக்கப்பட்டது. ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 87ஆம் ஒழுங்குமுறை இதற்கான இலக்கணத்தை வகுக்கிறது. அதன்படி ஒளியின் நிறம் வெண்மையாகவும், நேர்முகமான செறிவு 400 கேண்டெலாவுக்குக் குறையாமலும் 1200 கேண்டெலாவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கேண்டெலா என்பது ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு. ஒரு மெழுகுவத்தி தரும் செறிவு ஏறத்தாழ ஒரு கேண்டெலா. ‘பிரைட்’ எனப்படும் உயர்கதிரின் செறிவு பல்லாயிரம் கேண்டெலா என்பதை நோக்கினால், பகல்நேர விளக்கு கண்ணைக் கூசச் செய்வதற்கன்று, கண்ணில் படுவதற்கு மட்டுமே அளவிடப்பட்டது என்பது புரியும். எல்.இ.டி. வந்தபின் இந்த வேலையை இரண்டு விளக்குகளும் சேர்ந்து 20 வாட் அளவிலேயே முடித்துவிடுகின்றன. எரிபொருள் வீண் என்ற பழைய எதிர்ப்பு இதனால் பெரிதும் வலுவிழந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி முதல் புதிய வகைக் கார்களுக்கும் 2012 ஆகஸ்டு முதல் புதிய வகைப் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இத்தகைய தனி விளக்கைக் கட்டாயமாக்கியது.

இனி, இதனால் விபத்துகள் உண்மையிலேயே குறைந்தனவா என்ற கேள்வி. பகலில் விளக்குப் போட்டு ஓட்டுபவர் இயல்பிலேயே எச்சரிக்கையானவராக இருக்கக்கூடும் என்பதால், விளக்குள்ள கார்களையும் இல்லாத கார்களையும் வெறுமனே ஒப்பிடுவது ஏமாற்றிவிடும். சட்டத்துக்கு முந்திய ஆண்டையும் பிந்திய ஆண்டையும் ஒப்பிடுவதும் அப்படியே, ஏனெனில் சாலைகளும் வண்டிகளும் இருக்கைப்பட்டைப் பழக்கமும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருக்கின்றன. இதைத் தவிர்க்க ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கைக்கொண்டனர். பகலில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வாகனங்கள் மோதிக்கொள்ளும் விபத்துகளின் போக்கை, இந்த விளக்கால் எவ்வகையிலும் பாதிக்கப்பட முடியாத இரவு விபத்துகள், ஒற்றை வாகன விபத்துகள் ஆகியவற்றின் போக்கோடு வைத்துப் பார்த்து, முன்னதில் மட்டும் தனித்த சரிவு உள்ளதா என்று தேடினர். நார்வேயின் போக்குவரத்துப் பொருளியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரூன எல்விக், இவ்வாறு செய்யப்பட்ட 17 ஆய்வுகளைத் திரட்டி 1996இல் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார். தொகுப்பாய்வு என்பது தனித்தனியே சிறியனவாகவும் உறுதியற்றனவாகவும் உள்ள பல ஆய்வுகளின் முடிவுகளை, அவற்றின் வலிமைக்கேற்ப எடையிட்டு ஒன்றாக்கும் முறை. பகல்நேர விளக்கைப் பயன்படுத்தும் கார்களுக்குப் பகல்நேரப் பல வாகன விபத்துகள் 10 முதல் 15 சதவீதம் குறைகின்றன என்றும், நாடு முழுவதற்கும் சட்டமாக்கும்போது மொத்தத்தில் காணும் குறைவு 3 முதல் 12 சதவீதமாக இருக்கும் என்றும் அவர் மதிப்பிட்டார்.

இதற்கு மாறான குரலும் வலுவானது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் தன் கார்களில் பகல்நேர விளக்கை வழக்கமாக்கி, பின்னர் 2001இல் அதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்கும்படி தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் மனுச் செய்தது. அந்த நிர்வாகம் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இரு வாகன மோதல், பாதசாரி அல்லது சைக்கிளோட்டி மீதான மோதல், மோட்டார் சைக்கிள் மோதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, புள்ளியியல் உறுதியுடைய ஒட்டுமொத்தப் பயன் எதையும் காணவில்லை. சிறு டிரக்குகளும் வேன்களும் சம்பந்தப்பட்ட இரு வாகன மோதல்களில் மட்டும் 5.7 சதவீதக் குறைவு தென்பட்டது. அடுத்த ஆண்டே மனு நிராகரிக்கப்பட்டது. விரும்பும் நிறுவனம் பொருத்தலாம், கட்டாயமில்லை என்பதே அங்கு நிலைத்த கொள்கை. ஐரோப்பாவிலும் ஆஸ்திரியா 2005 நவம்பரில் பகலில் விளக்கெரிப்பதைக் கட்டாயமாக்கி, 2008 தொடக்கத்தில் அதைத் திரும்பப் பெற்றது. கார்கள் எல்லாம் ஒளிரும்போது ஒளி இல்லாத பாதசாரியும் சைக்கிளோட்டியும் கவனத்திலிருந்து நழுவுவர் என்ற அச்சம் அங்கு எழுந்த எதிர்ப்பில் முன்னின்றது.

இரு தரப்பையும் ஒருங்கே நோக்கினால், ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்பதைவிட, வெவ்வேறு வானங்களின் கீழ் செய்யப்பட்டவை என்பதே பொருத்தமாகப் படுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே செல்லச் செல்ல விளக்கின் பயன் கூடுகிறது என்று நெதர்லாந்தின் சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1997இல் வெளியிட்ட அறிக்கையும் வாதிட்டது. சென்னையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் 53 பாகை உயரத்தில் நிற்கிறது. அத்தனை வெளிச்சத்தில் 400 கேண்டெலா விளக்கு ஹெல்சின்கியில் தெரிவதுபோல் தெரியாது. அப்படியானால் வெப்பமண்டல நாடுகளுக்கு இது வேண்டாத செலவா?

இதற்கு விடை தேட மலேசியாவை நோக்க வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்நாட்டின் சாலைகளில் மோட்டார் சைக்கிள்கள் மிகுதி. இறப்போரிலும் அவற்றை ஓட்டுபவரே மிகுதி. 1992இல் அங்கு மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. சிரம்பான், ஷா ஆலம் ஆகிய பகுதிகளில் செய்யப்பட்ட ஆய்வு, கண்ணில் படாமையோடு தொடர்புடைய மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தன என்று கண்டது. சிங்கப்பூர் 1995இல் அதே விதியை ஏற்றது. சூரியன் தலைக்கு நேரே நிற்கும் நாட்டில் கிடைத்த இம்முடிவு, வெயில் மிகுந்தால் விளக்கு வீண் என்ற எண்ணத்தை அப்படியே ஏற்க முடியாது என்று காட்டுகிறது. ஆயினும் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த பயன் காருக்கும் அதே அளவில் கிடைக்கும் என்று கொள்ளலாகாது. மோட்டார் சைக்கிள் குறுகிய உருவம் கொண்டது. அதற்கு விளக்கு, இல்லாத அகலத்தை ஈடுசெய்கிறது. கார் தன் உருவத்தாலேயே ஓரளவு புலப்படுவதால் அதற்கு விளக்கு சேர்ப்பது சிறிதே.

இந்தியா தேர்ந்தெடுத்த வரிசை இவ்வகையில் சரியானது. உச்ச நீதிமன்றம் நியமித்த சாலைப் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில் எஞ்சின் இயங்கியதும் விளக்கு தானாக எரியும் ஏற்பாடு கட்டாயமானது. விளக்கை அணைக்கும் சுவிட்சே புதிய வண்டிகளிலிருந்து மறைந்தது. எதிரே வருபவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டி, விளக்கு எரிகிறது என்று அக்கறையோடு நினைவூட்டும் வழக்கம் அதன்பின் பல காலம் தமிழகச் சாலைகளில் தொடர்ந்தது. அந்தச் சைகையே விளக்கின் வெற்றிக்குச் சான்று என்று கொள்ளலாம், ஏனெனில் சைகை காட்டியவர் அந்த வண்டியைக் கண்டுவிட்டார். 2022இல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு. காரில் செல்வோரைவிடக் காருக்கு வெளியே உள்ளோரே மிகுதியாக மடியும் ஒரு நாட்டில், கார்களுக்கான எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையும் அவர்கள் பக்கம் நின்றே எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோடும்போது முதலில் எழுவது, எல்லாக் கார்களும் ஒளிர்ந்தால் மோட்டார் சைக்கிள் பெற்ற தனிச்சிறப்பு போய்விடாதா என்ற ஐயம். ஐரோப்பிய மோட்டார் சைக்கிளோட்டிகளின் சங்கங்கள் இதையே முன்வைத்துக் கார்களுக்கான விதியை எதிர்த்தன. ஐயம் நியாயமானது, ஆனால் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். சாலையைக் கடக்கும் மூதாட்டியும், வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் ஸ்கூட்டர்க்காரரும், காரைக் காண வேண்டிய நிலையில் இருப்பவர்களே. காரின் விளக்கு காரோட்டியின் பார்வையைக் கூட்டுவதில்லை. பிறர் அந்தக் காரைக் காண உதவுகிறது. இரு வண்டிகள் மோதும்போது உயிரை இழப்பவர் பெரும்பாலும் சிறிய வண்டியில் இருப்பவரே என்பதால், பெரிய வண்டி வருவதைச் சிறியவர் முன்கூட்டியே அறிவது சிறியவருக்கே நன்மை. தனி பகல்நேர விளக்கின் செறிவு மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கை மறைக்கும் அளவுக்கு உயராதபடி வரம்பிடப்பட்டிருப்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. காரின் முகப்பு விளக்கையே, அதிலும் உயர்கதிரை, பகலில் எரிப்பதுதான் உண்மையில் பிறர் விளக்குகளை விழுங்கும்.

இதைவிடக் கவலைக்குரிய ஓர் ஆபத்து, விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையிலேயே அடங்கியுள்ளது. பகல்நேர விளக்கு முன்பக்கம் மட்டுமே எரிவது. பழைய விதிகள் பின்விளக்கைக் கேட்கவில்லை. அந்தி சாயும்போது முன்னே சிறிது வெளிச்சம் படர்வதையும், எப்போதும் ஒளிரும் கருவிப்பலகையையும் கண்ட ஓட்டுநர், எல்லா விளக்குகளும் எரிகின்றன என்று எண்ணி ஓட்ட, வண்டியின் பின்புறம் முழு இருளில் கிடக்கிறது. கனடாவில் இத்தகைய வண்டிகள் மிகுந்ததால், 2021 செப்டம்பர் முதல் தயாராகும் புதிய வாகனங்களில், பகல்நேர விளக்கோடு பின்விளக்கும் சேர்ந்து எரியவோ, இருட்டியதும் எல்லா விளக்குகளும் தானாக எரியவோ, ஓட்டுநர் விளக்கைப் போடும்வரை கருவிப்பலகை ஒளியின்றி இருக்கவோ வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. மழையிலும் மலைச்சாலைப் பனிமூட்டத்திலும் இதே ஆபத்து பகலிலேயே நேர்கிறது.

மற்றொரு சிக்கல் திசைகாட்டி விளக்கு, அதாவது இண்டிகேட்டர் தொடர்பானது. செம்மஞ்சளாக விட்டுவிட்டு எரியும் அதன் ஒளி, ஒட்டியே எரியும் வெண்ணிற ஒளியில் கரைந்துவிடக்கூடும் என்பதால், இரண்டும் மிக நெருங்கியிருக்கும் வண்டிகளில் இண்டிகேட்டர் இயங்கும் வேளையில் அப்பக்கத்துப் பகல்நேர விளக்கு அணைந்தோ மங்கியோ விடுகிறது. உதிரிப்பொருள் கடைகளில் வாங்கி ஒட்டும் எல்.இ.டி. பட்டைகளில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. செறிவுக்கு வரம்பும் இல்லை. அவற்றில் சில நீலமாகவும் சில சிவப்பாகவும் எரிகின்றன. முன்பக்கம் சிவப்பு ஒளி தெரிந்தால், வருவது வண்டியின் முகமா முதுகா என்பதே குழம்பிவிடும். பாதுகாப்பின் பெயரால் விற்கப்படும் இப்பட்டைகள் பாதுகாப்புக்கு நேர் எதிரானவை.

இந்தியாவில் கார்களுக்குப் பகல்நேர விளக்கு இன்றுவரை கட்டாயமில்லை. வந்தால் அது தரும் பயன் சுவீடனில் கண்டதைவிடச் சிறியதாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் நேர்மை. ஆனால் செலவும் சிறியது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் மடியும் நாட்டில், பல வாகன விபத்துகளில் மூன்று சதவீதம் குறைந்தாலும் பிழைப்போர் எண்ணிக்கை பொருட்படுத்தத் தக்கதே. புதிய கார்களிலும் வேன்களிலும் பேருந்துகளிலும் செறிவு வரம்புக்கு உட்பட்ட தனி பகல்நேர விளக்கைக் கட்டாயமாக்குவதும், அதனோடு பின்விளக்கும் எரிவதை அதே விதியில் எழுதிவிடுவதும், உதிரியாக ஒட்டும் பட்டைகளைத் தடைசெய்வதும் ஒருங்கே நடக்க வேண்டும். பின்விளக்கை விட்டுவிட்டு முன்விளக்கை மட்டும் விதிப்பதைவிடச் சிறிது காலம் காத்திருப்பது மேல். பழைய கார்களைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை.

விதி வரும்வரை காரோட்டிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மழை பிடித்தாலும், பனி மூடினாலும், மாலையில் வெயில் இறங்கினாலும், காரில் பகல்நேர விளக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கையால் சுவிட்சைத் திருகி ‘டிம்’ விளக்கைப் போட்டுவிடுங்கள். அப்போதுதான் உங்கள் வண்டியின் பின்விளக்கும் எரியும்.